அது பல்பு மஞ்சள்

சினக் மின்சாமான் கடைத்தெருவுக்கு முஸன்னா ஹதீலை இழுத்துக்கொண்டு போனபோது அவளுக்குப் பிரசவத்துக்குப் பத்து நாள்தான் பாக்கி. ஆகஸ்ட் மாத பாக்தாத். வெயில் மண்டையைப் பிளந்தது. கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வார் தோலுக்குள் புதைந்திருந்தது. நிறைமாசக்காரியை பல்பு வாங்கக் கூட்டிக்கொண்டு போகிற புருஷனை என்னவென்று சொல்வது? ஆசைதான், வேறென்ன. முதல் பிள்ளை. பிள்ளை படுக்கிற அறைக்கு விளக்கு தேர்ந்தெடுக்கும்போது பெறப்போகிறவளும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

அவன் தொழிலே அதுதான். ஊரார் வீட்டுக் கதவுக்கெல்லாம் காமிரா மாட்டுவான். போனைத் தொட்டால் ஏசி ஓடுகிற மாதிரி செய்து கொடுப்பான். தன் வீட்டில் மட்டும் அப்படி ஒன்றும் இல்லையே என்ற குறை அவனை அரித்துக்கொண்டிருந்தது.

கடைக்காரர் அபூ தாஹா இரண்டு பல்புகளை மேஜைமேல் எரியவிட்டார்.

"கையை இப்படி நீட்டும்மா," என்றார் ஹதீலிடம்.

அவள் நீட்டினாள். அவர் போனில் விரலை இழுக்க இழுக்க வெளிச்சத்தின் நிறம் மாறியது. முதலில் மெழுகுவர்த்தி மஞ்சள். அதில் அவள் கை மஞ்சள் தேய்த்த கை மாதிரி இருந்தது. அப்புறம் சாயங்காலம், அப்புறம் காலை பத்து மணி, கடைசியில் உச்சிப்பகல் வெள்ளை. அந்த வெள்ளையில் அவள் கையில் ரத்தமே இல்லை.

"ஐயே, மய்யத்துக் கை மாதிரி இருக்கு, செத்தவ கை மாதிரி," என்றாள்.

"வாயைக் கழுவு. பிள்ளைத்தாச்சி பேசுற பேச்சா இது," என்று முஸன்னா சிரித்துக்கொண்டே அதட்டினான்.

அபூ தாஹா இரண்டாவது பல்பைக் காட்டினார். "இதுல மூணே நிறம்தான். ஆனா கரண்ட் போயி வந்தா, கடைசியா எந்த நிறத்துல எரிஞ்சுதோ அதே நிறத்துல எரியும். ஞாபகம் இருக்கு இதுக்கு. முதல்ல பார்த்தியே, அதுக்கு நூறு நிறம், ஞாபகம் மட்டும் கிடையாது. ஒவ்வொரு தடவை கரண்ட் வர்றப்பவும் பிறந்த நிறத்துக்கே போயிடும், மஞ்சளுக்கு. தம்பி, இதைக் கண்டுபிடிச்சவன் பாக்தாத்துல ஒரு நாள் கூட தங்கினதில்லை. நான் சொல்றதைக் கேளு, ஞாபகம் இருக்குறதை எடு."

"ஞாபகம் என் போன்ல இருக்கு ஹாஜி," என்றான் முஸன்னா. "எங்க இருந்தாலும் மாத்திடுவேன். மூணு நிறத்தை வச்சு நான் என்ன பண்ண?"

"பெரியவர் சொல்றாருல்ல, அதையே எடேன்," என்றாள் ஹதீல்.

"நூறு நிறம்டி! நம்ம பிள்ளை மூணு நிறத்துலயா வளரணும்?"

அவளுக்கு நிற்க முடியவில்லை. இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. "எதையாவது எடு, வீட்டுக்குப் போகலாம்," என்றாள். அந்த வார்த்தையை அவள் பின்னால் எத்தனை தடவை நினைத்து நினைத்து வயிறு எரிந்தாள் என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை பிறந்தது. ஆண். உமைர் என்று பெயர். திங்கள்கிழமையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் முஸன்னாவின் அக்கா கவ்லா வந்து உட்கார்ந்திருந்தாள். புருஷனை இழந்தவள், நாலு பிள்ளை பெற்று வளர்த்து ஆளாக்கியவள், அடுத்த சந்தில்தான் வீடு. நாற்பது நாளும் பிள்ளையையும் தாயையும் பார்த்துக்கொள்ள மூட்டையோடு வந்துவிட்டாள். வந்ததும் முதல் காரியமாகப் பிள்ளை அறை ஜன்னலுக்குத் தடித்த கம்பளியை ஆணியடித்து மாட்டினாள். வெளியே ஐம்பது டிகிரி. வெயிலும் உள்ளே வரக் கூடாது, ஊர்க் கண்ணும் வரக் கூடாது. அறை குகை மாதிரி இருட்டிவிட்டது.

"அதனால என்ன?" என்றான் முஸன்னா. போனைத் தொட்டான். உச்சிப்பகல் வெள்ளை பளிச்சென்று வந்தது. "அறைக்குள்ளயே சூரியன்!"

"சூரியனாம் சூரியன்," என்றாள் கவ்லா. ஆனாலும் அவளுக்குப் பெருமை. தம்பி கெட்டிக்காரன்.

இந்த வீட்டிலும், ஊரில் எல்லா வீட்டையும் போல, மின்சாரம் இரண்டு. ஒன்று அரசாங்கத்தது, இஷ்டத்துக்கு வரும், இஷ்டத்துக்குப் போகும். அது போனால் தெரு ஜெனரேட்டர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடுகிற பெட்டி கூடத்துச் சுவரில் இருந்தது. மாறும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் போடும், துப்பாக்கி விசையை இழுத்த மாதிரி. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உமைர் தூக்கத்திலேயே இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போடுவான். யாரோ அவனை மாடியிலிருந்து தள்ளிவிட்ட மாதிரி. ஹதீல் பதறிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"பயப்படாதடி, எல்லா பச்சப்பிள்ளையும் அப்படித்தான் திடுக்கிடும்," என்று கவ்லா சிரித்தாள். "காது நல்லா கேக்குதுன்னு அர்த்தம்."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் துணி மாற்றும்போது ‘டக்’ என்றது. வெள்ளை வெளிச்சம் போய் மஞ்சள் வந்தது. ஹதீல் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். முகம் மஞ்சள். கழுத்து மஞ்சள்.

"அண்ணி! இங்க வாங்களேன். பிள்ளை மஞ்சளா இருக்கான்!"

கவ்லா வந்து பார்த்தாள். பல்பை அண்ணாந்து பார்த்தாள். "நானும் மஞ்சளாத்தான் இருக்கேன், நீயும் மஞ்சளாத்தான் இருக்கே. அது பல்பு மஞ்சள்."

ஹதீல் வேலைக்குப் போயிருந்த முஸன்னாவுக்குப் போன் போட்டாள். அவன் அவசரப்படவேயில்லை. "இரு, வைஃபை வரட்டும்," என்றான். இரண்டு மூன்று நிமிஷம். அப்புறம் அவன் அங்கே, நகரத்தின் அந்தக் கோடியில், விரலை இழுக்க, இங்கே அறை வெளுத்தது. பிள்ளையும் வெளுத்தான்.

"இப்ப பாரு. எங்க மஞ்சள்?"

அவள் பார்த்தாள். எங்கேயும் இல்லை. "இல்லதான்," என்றாள். வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை கவ்லாவே பிள்ளையின் கண்ணிமையை விலக்கிப் பார்த்து, "லேசா மஞ்சக்காரன் எட்டிப் பார்த்திருக்கான்," என்றாள். மஞ்சக்காரன் என்றால் பச்சைப்பிள்ளைகளுக்கு வருகிற காமாலை. அவள் அதை ஏதோ மாமன் வீட்டு விருந்தாளி மாதிரிச் சொன்னாள். "என் நாலுக்கும் வந்தான். வந்தவன் ஒரு வாரம் இருந்துட்டுப் போயிட்டான். வெள்ளை டியூப் லைட்டுக்கு அடியில போட்டு எடுத்தேன், அவ்வளவுதான். இப்ப பாரு, ஒவ்வொருத்தனும் கதவு நிலையில தலை இடிக்கிறான்."

"டாக்டர்கிட்ட காட்டிடலாம் அண்ணி."

"நாலு நாள் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இந்த அனல்ல ஆஸ்பத்திரிக்கா? அங்க இருக்குற நோயெல்லாம் இவனுக்கு வேணுமா?"

முஸன்னா உற்சாகமாகிவிட்டான். "டியூப் லைட் எதுக்குக்கா? அதை விட என் பல்பு வெள்ளை. கடைசி வரைக்கும் ஏத்திடுறேன், நீலம் தட்டுற அளவுக்கு." ஏணி போட்டு ஏறி பல்பைக் கீழே இறக்கிக் கட்டினான். உமைரை நிர்வாணமாகப் படுக்கவைத்து, கண்ணுக்குமேல் கறுப்புத் துணி கட்டினார்கள். மணிக்கணக்கில் அந்த வெள்ளையில் கிடந்தான். ஒவ்வொரு மணிக்கும் மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"குறையுது," என்றான் முஸன்னா.

"நல்லாவே குறையுது," என்றாள் கவ்லா.

ஹதீலுக்கும் குறைகிற மாதிரிதான் தெரிந்தது. அந்த வெள்ளைக்கடியில் எதுதான் வெளுப்பாகத் தெரியாது? கடையில் தன் கை எப்படி இருந்தது என்பது மட்டும் அவளுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

வியாழக்கிழமை அவள் வாழ்க்கையிலேயே நீளமான நாள். அன்று மின்சாரம் ஆறு தடவை மாறியது. ஆறு தடவையும் ‘டக்’. ஆறு தடவையும் பல்பு தன் பிறந்த மஞ்சளுக்குப் போனது. ஆறு தடவையும் பிள்ளை தலையிலிருந்து கால்வரை மஞ்சளாகி, நிமிஷக்கணக்கில் அவள் உயிரை வாங்கிவிட்டு, மறுபடி வெளுத்தான். நாலாவது தடவை அவள் போனை எடுத்துக் காதில் வைக்கும் முன்பே வெளிச்சம் வெள்ளையாகிவிட்டது. அங்கே முஸன்னா தானாகவே விரலை இழுத்திருக்க வேண்டும். யாரோ அவளைப் பார்த்துக்கொண்டே இருந்து, அவள் வாயைத் திறக்கும்போது மட்டும் மூடுகிற மாதிரி.

"எனக்குப் பைத்தியம் பிடிக்குது அண்ணி."

"பிள்ளை பெத்தவ மூளை நாப்பது நாளைக்குத் தண்ணியாத்தான் இருக்கும். படுத்துத் தூங்கு."

தூங்க எங்கே முடிந்தது? பிள்ளைதான் தூங்கினான். பால் கொடுக்க எழுப்பினால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வாயை விட்டுவிடுவான். உள்ளங்காலைத் தேய்த்தால் ஒரு முனகல். மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. நல்ல பிள்ளை, தொல்லையே இல்லை என்று கவ்லா மெச்சினாள். ஹதீல் மறுபடி அவன் உள்ளங்காலைத் தேய்த்தாள்.

அன்று பிற்பகல் எதிர்வீட்டு இன்ஆம் கதவைத் தட்டினாள். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கையில் ஏலக்காய் மணக்கும் இனிப்புத் தட்டு. கவ்லா கதவை ஒரு சாண் திறந்து, உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வராதே இன்ஆம், தப்பா நினைக்காதே. காலையில உங்க சித்தப்பா மய்யத்துக்குப் போயிட்டு வந்தே."

"குளிச்சிட்டுத்தான் வந்தேன் கவ்லா அக்கா."

"குளிச்சாலும்தான். சப்ஸா புடிச்சுக்கும்."

சப்ஸா என்றால் அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். சாவு வீட்டுக்குப் போய் வந்தவள் நாற்பது நாளுக்குள் பிள்ளை பெற்றவளின் வாசப்படி தாண்டினால் தாய்ப்பால் வற்றிவிடும், பிள்ளை சுருங்கிவிடும். படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவர்களும் தாண்டமாட்டார்கள். இன்ஆமும் தாண்டவில்லை.

ஹதீல் கவ்லாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "பிள்ளைக்கு மஞ்சக்காரன் வந்திருக்கான் இன்ஆம். கால் வரைக்கும் தெரியுது, அப்புறம் தெரியல. விளக்கு மாறினா மாறுது."

இன்ஆமின் முகம் மாறியது. "கால் வரைக்குமா? உன் ரத்தம் என்ன வகை?"

"ஓ."

"முஸன்னாவுக்கு?"

"பி."

"தாய் ரத்தமும் பிள்ளை ரத்தமும் சேரலைன்னா மஞ்சள் வேகமா ஏறும். விளக்குல பார்க்காதே. எந்த விளக்குலயும் பார்க்காதே. வெயில் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து, தோலை விரலால அழுத்தி விட்டுப் பாரு. மஞ்சளா இருந்தா உடனே..."

"போதும் போதும்," என்றாள் கவ்லா. "ஆஸ்பத்திரிக்காரிக்கு எதைப் பார்த்தாலும் நோய். பச்சப்பிள்ளையை வெயில்ல காட்டுறதாம்! ஆகஸ்ட் மாசத்துல!" தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். மனசு கெட்டவள் அல்ல. பயந்தவள். அவளுடைய பயம் வாசற்படியில் நின்றது, ஹதீலின் பயம் தொட்டிலில் கிடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ராத்திரி முஸன்னாவிடம் ஹதீல் சொன்னாள். அவன் போனை எடுத்து, வெளிச்சத்தை ஏற்றி, பிள்ளையின் மார்பை அழுத்திக் காட்டினான். வெள்ளை.

"பார்த்தியா? ரெண்டு நாள் பொறு தங்கம். என் மேல நம்பிக்கை இல்லையா?"

அவள் பிள்ளையின் மேல் துணியை இழுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ‘டக்’ என்றது. ஹதீல் வழக்கம்போலப் பிள்ளையின் கையைப் பிடிக்கக் குனிந்தாள். கை எழும்பவில்லை. அப்படியே கிடந்தான்.

அவள் ஒரு மணி நேரம் காத்திருந்தாள், தொட்டில் கம்பியைப் பிடித்தபடி. மறுபடி ‘டக்’. விரல்கூட அசையவில்லை.

"அண்ணி, இவன் திடுக்கிடல."

"பழகிட்டான். கெட்டிக்காரன், எங்க அப்பா மாதிரி."

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது அந்த வீட்டில். மஞ்சளுக்குப் பல்பு, தூக்கத்துக்கு நல்ல குணம், திடுக்கிடாததற்குக் கெட்டிக்காரத்தனம். அவளுடைய பயத்துக்குத் தண்ணியான மூளை. ஹதீல் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் அழுதாள்.

நண்பகல். முஸன்னா ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தான். அரசாங்க மின்சாரம் போனது. ‘டக்’ என்றது. ஜெனரேட்டர் இரண்டு நிமிஷம் உறுமியது, பிறகு தெருக்கோடியில் ஏதோ அறுந்த மாதிரி ஒரு சத்தம், அதுவும் நின்றுவிட்டது. ஏசி நின்றது. பல்பு செத்தது. ஐந்து நாளில் முதல் தடவையாக அறையில் எந்த வெளிச்சமும் இல்லை.

இருட்டில் ஹதீல் பிள்ளையைத் தடவி எடுத்தாள். துணிப்பொம்மை மாதிரித் துவண்டான். அப்போது அழுதான். அது பிள்ளை அழுகிற சத்தமே இல்லை. மெல்லிசாக, உச்சத்தில், பூனைக்குட்டியை மிதித்த மாதிரி ஒரு கீச்சு. கூடவே முதுகைப் பின்னால் வளைத்தான், வில் மாதிரி.

அவள் ஜன்னலுக்குப் போனாள்.

"என்னடி பண்றே?" இருட்டில் கவ்லாவின் குரல். "அதைத் தொடாதே! வெயில், கண்ணேறு..."

"படட்டும்," என்றாள் ஹதீல். ஒரு கையில் பிள்ளை. மறு கையால் கம்பளியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கவ்லா அடித்த ஆணி. தொங்கிவிட்டாள். ஓர் ஆணி தெறித்தது, இன்னொன்று தெறித்தது, கம்பளி கிழிந்துகொண்டு மொத்தமாக அவள் தலையில் விழுந்தது. உதறித் தள்ளினாள்.

பாக்தாத்தின் உச்சிவெயில் அறைக்குள் கொட்டியது. கூசிய கண்ணை அவள் வலுக்கட்டாயமாகத் திறந்தாள்.

பிள்ளை குங்குமப்பூச் சோறு நிறத்தில் இருந்தான். நெற்றி, மார்பு, வயிறு, தொடை, உள்ளங்கால். பாதி திறந்திருந்த கண்ணின் வெள்ளைகூட மஞ்சள். பக்கத்தில் அவள் கை இருந்தது, மனுஷக் கை, சாதாரண நிறத்தில். அவள் விரலால் அவன் நெஞ்சை அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் எலுமிச்சைத் தோல் மாதிரி நின்றது.

"அண்ணி," என்றாள். "அண்ணி, இதுவும் பல்பா?"

கவ்லா பார்த்தாள். ஐந்து நாளில் இப்போதுதான் அவள் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். சட்டென்று இரண்டு கையாலும் தன் கன்னத்தில் அறைந்துகொண்டாள். "குருடி! நான் குருடி!"

ஹதீல் முஸன்னாவுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை, பள்ளிவாசலில் போனை ஊமையாக்கி வைத்திருந்தான். மறுபடி அடித்தாள். அதற்குள் கவ்லா வாசலைத் தாண்டி ஓடியிருந்தாள். தலைத்துணி இல்லை, செருப்பில்லை. கொதிக்கிற தார்ச்சாலையில் வெறுங்காலோடு எதிர்வீட்டுக் கதவை இரண்டு கையாலும் இடித்தாள்.

"இன்ஆம்! வா! உள்ள வா! எந்த மய்யத்துக்குப் போயிருந்தாலும் வா!"

இன்ஆம் மாவு பிசைந்த கையோடு வந்தாள். வாசற்படியை ஒரே எட்டில் தாண்டினாள். உமைரின் உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள்.

"கிளம்பு," என்றாள் இன்ஆம். "என் வீட்டுக்காரர் காரை எடுக்கிறார். துணியெல்லாம் வேணாம், அப்படியே கிளம்பு."

கார் போன பாதை ஹதீலுக்கு நினைவில்லை. மடியில் இருந்த கனம் மட்டும்தான் நினைவு. மூச்சு விடுகிறானா என்று மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டே போனாள். "யா அல்லாஹ், என்னை எடுத்துக்கோ, இவனை விட்டுடு," என்று வாய் ஓயாமல் முணுமுணுத்தது. முன் இருக்கையில் கவ்லா கால் கொப்புளத்தைக்கூடக் கவனிக்காமல் ஓதிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை அவள் கையிலிருந்து பறிக்காத குறையாக வாங்கிப் போனார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீல விளக்குகள். கண் கட்டப்பட்ட உமைர் அந்த நீலத்தில் நனைந்து கிடந்தான். தொப்புளில் குழாய். உடம்பிலிருந்து ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றினார்கள். முஸன்னா தொழுகைத் தொப்பியோடு ஓடி வந்தான். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றான்.

சின்ன வயசு டாக்டரம்மா வெளியே வந்தாள். களைப்பும் கோபமும் முகத்தில் ஒன்றாக இருந்தன. "அஞ்சு நாளா பிள்ளையை யாரும் பார்க்கலையா?"

கவ்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பார்த்தோம் டாக்டர்," என்றான் முஸன்னா. "தினமும் பார்த்தோம். வெள்ளை வெளிச்சத்துல வச்சோம். குறைஞ்சுது..."

"எந்த வெளிச்சத்துல?"

அவன் சொன்னான். போனை எடுத்துக் காட்டவும் செய்தான், பாவம்.

"வீட்டு பல்பு எவ்வளவு வெள்ளையா எரிஞ்சாலும் காமாலையைக் குறைக்காது," என்றாள் அவள். "பிள்ளையை வெளுப்பா காட்டும். வேற ஒண்ணும் செய்யாது."

முஸன்னா போனைச் சட்டைப்பைக்குள் போட முயன்றான். மூன்று தடவை தவறியது.

ஒன்பது நாள் கழித்து உமைரை வீட்டுக்கு அனுப்பினார்கள். உயிருக்குப் பயமில்லை. ஆனால் டாக்டரம்மா வாசல்வரை வந்து இன்னொன்று சொன்னாள். "மஞ்சள் மூளைக்கு ஏறியிருந்தா முதல்ல காதைத்தான் பிடிக்கும். ஒரு மாசம் கழிச்சு கொண்டு வாங்க, மெஷின்ல பார்த்துச் சொல்றேன்."

ஒரு மாதம்! ஒரு மாதம் எப்படி இருப்பது?

வீட்டில் ஜன்னல் திறந்திருந்தது. வெள்ளைத் துணி மட்டும் தொங்கியது, வெளிச்சம் தாராளமாக வந்தது. பிள்ளை ரோஜா நிறத்தில், மனுஷப் பிள்ளையாகக் கிடந்தான். பால் குடித்தான். மூவரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கை தட்டவில்லை. ஒரு தட்டு, ஒரு கிண்ணம், எதையும் சத்தமாக வைக்கவில்லை. தட்டினால் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்ற பயத்தில் அந்த வீடே நுனிக்காலில் நடந்தது.

நாலு மணிக்கு முஸன்னா ஏணி போட்டு ஏறி பல்பைக் கழற்ற ஆரம்பித்தான். கவ்லா கால்கட்டோடு சமையலறையில் இருந்தாள். அப்போது ‘டக்’.

உமைரின் இரண்டு கையும் எழும்பின.

"கேட்டுச்சு!" ஹதீல் கத்திவிட்டாள். "அவனுக்குக் கேட்டுச்சு! கையைத் தூக்கிப் போட்டான்!"

முஸன்னா ஏணியிலேயே உறைந்து நின்றான். "ஏணி ஆடிச்சு," என்றான் மெதுவாக. "தொட்டில்ல இடிச்சிருக்கும். அதனால கூட..." சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் வாயை மூடிக்கொண்டான். இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்த நாட்கள் அவனுக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

ஹதீலும் யோசித்தாள். தன் கண்ணை நம்பலாமா? நம்பி ஏமாந்தது போதாதா? "ஏணியை எடு," என்றாள். "யாரும் தொட்டில்கிட்ட வராதீங்க. அடுத்த தடவை கரண்ட் போகட்டும். பார்க்கலாம்."

மூன்று பேரும் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். தேநீர் ஆறியது. ஐந்து மணியானது. மின்சாரம் போகவில்லை. ஆறு மணி. போகவில்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவை போகிற மின்சாரம், பிள்ளை மஞ்சளாகும்போதெல்லாம் போய்ப் போய் வந்த மின்சாரம், அன்றைக்கென்று பார்த்துப் பிசாசு மாதிரி நின்று எரிந்தது.

"பாக்தாத்துல கரண்ட் போகணும்னு வேண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற வீடு இது ஒண்ணுதான்," என்றாள் கவ்லா. யாரும் சிரிக்கவில்லை. அவளே சிரிக்கவில்லை. தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜன்னல் துணியில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஹதீலின் பார்வை பிள்ளையின் கையைவிட்டு நகரவில்லை. சுண்டுவிரல் அளவுக் கை, மூடிய முஷ்டி, தூக்கத்தில் வயிற்றின்மேல். முஸன்னா அவள் கையைப் பிடித்தான். அவள் தடுக்கவில்லை.

‘டக்.’

இரண்டு முஷ்டியும் விரிந்து காற்றில் எழும்பின. உமைர் முகம் சுருங்கி, வாய் கோணி, வீடே அதிர வீரிட்டு அழுதான்.